ஓசையும் பொருளும்

ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதம் நம் நாட்டிலே தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகின்றது. பாடசாலைச் சுவர்களில் பேக்கனின் பெயரால் வழங்கும் வாசகத்துக்குப் புதிதாக வர்ணம் தீட்டப்படும். நூல்நிலையங்களிற் கண்காட்சிகள் நடைபெறும். ‘வாசிப்பின் பயன்’ என்ற பொருளில் ஏழு வயதுக் குழந்தையொன்று மேடையேறி, மூன்று நிமிட நேரம், கைகளை உரிய இடங்களில் அசைத்து, தடங்கலின்றிப் பேசும். அவையோர் மகிழ்ந்து கைதட்டுவர். அப்பேச்சை எழுதியவர் ஆசிரியர். வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி மனத்திற் பதியவைத்தவர் தாயார் அல்லது தமக்கை. அதே பேச்சைத் தாளிலே கண்டு வாசித்து, இன்ன பொருளில் இது எழுதப்பட்டது என்று கூறும் ஆற்றல் அக்குழந்தைக்கு உண்டா என்று வினவுவார் எவருமிலர். வாசிப்பைப் பற்றிப் பேசுவதற்கு வாசிக்கத் தெரிந்திருத்தல் அவசியமில்லை என்ற நிலை நம்மிடையே எவ்வித நாணமுமின்றி நிலைபெற்றுள்ளது.

கண்டி நகரத்தின் தமிழ்மொழிப் பாடசாலைகளிலே ஆறாந் தரத்துக்கு வந்து சேரும் மாணவரை நோக்குவோம். இவர்களுட் பலர் நகரத்துப் பிள்ளைகளல்லர். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை ஆகிய பகுதிகளின் தோட்டப் பாடசாலைகளில் ஐந்தாண்டு பயின்று வருவோர். வரலாற்றுப் பாடநூலை விரித்து ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னால் இவர்களிற் சிலருக்கு எழுத்துக்களே பிடிபடுவதில்லை. அவர்களின் நிலை வெளிப்படையானது. ஆகவே ஆசிரியரின் கண்ணில் உடனே படுகின்றது. நம்மை அதிகம் கவலைகொள்ளச் செய்வோர் வேறொரு பிரிவினர். இவர்கள் பந்தியை முதலிலிருந்து இறுதிவரை பிழையின்றி, உரத்த குரலில், ஒருவித இராகத்தோடு வாசித்து முடிப்பர். முடித்தபின், “இதிலே யார் யாருக்கு என்ன செய்தார்?” என்று கேட்டால் ஆசிரியரின் முகத்தைப் பார்த்து நிற்பர். வினாவுக்குரிய விடை அவர்கள் சற்று முன்னர் தம் வாயாலேயே கூறிய வாக்கியத்தில் இருக்கின்றது. ஆயினும் அவ்வாக்கியம் அவர்களின் வாய்வழியே சென்றதன்றி உள்ளத்தில் எதையும் விட்டுச் செல்லவில்லை.

இத்தகைய மாணவன் ஆரம்ப வகுப்புக்களில் ‘நன்றாக வாசிப்பவன்’ என்று பெயர் பெற்றவன். நம் பாடசாலைகளில் வாசிப்பு என்பது ஓசை எழுப்புதல் என்ற அளவிலேயே பெரும்பாலும் மதிப்பிடப்படுகின்றது. ஆசிரியர் ஒரு வரியைச் சொல்ல, முப்பது குரல்கள் அதனைத் திருப்பிச் சொல்லும். அம்முப்பதிற் பத்துக் குரல்கள் நூலைப் பார்க்காமலே ஒலிப்பவை. பாடநூலின் முதற் பத்துப் பாடங்களும் மனப்பாடமாகிவிட்டபின், எந்தப் படத்துக்குக் கீழே எந்த வாக்கியம் வரும் என்பது குழந்தைக்குத் தெரியும். படத்தைக் கண்டு வாக்கியத்தைக் கூறிவிடும். மேற்பார்வைக்கு வரும் அதிகாரியும் திருப்தியோடு கையொப்பமிட்டுச் செல்வார். புதியதொரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, ஓசையெழுப்பாமல் வாசித்து அதன்படி செய்யும்படி அக்குழந்தையைப் பணித்துப் பார்த்தாலன்றி உண்மை வெளிப்படாது. ‘கதவைத் திறந்துவிட்டு வந்து அமர்க’ என்ற வாக்கியம் போதும்.

ஐந்தாந் தரத்துப் புலமைப்பரிசிற் பரீட்சை இக்குறையை வெளிப்படுத்துவதற்குப் பதிலாக மறைத்துவிடுகின்றது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுள் திறமையுடையோருக்கு நல்ல பாடசாலைகளின் கதவைத் திறத்தல் வேண்டும் என்ற உயர்ந்த எண்ணத்தில் இலவசக் கல்வியோடு ஒட்டி எழுந்தது அப்பரீட்சை. இன்றோ அது சிலரைத் தெரிவுசெய்து எஞ்சியோரைக் கணக்கில் எடாது விடும் சல்லடையாகிவிட்டது. நான்காந் தரத்திலேயே வகுப்பு இரண்டாகப் பிரிகின்றது. சித்தியடையக்கூடியோர் முன்வரிசையில் அமர்ந்து வினாத்தாள் வினாத்தாளாகப் பயிற்சி செய்வர். ஏனையோர் பின்வரிசையிலிருந்து கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுவர். எழுத்து அவர்களுக்குச் சித்திரம். அச்சித்திரத்தை அழகாகவே வரைவர், கொப்பி நிறைந்திருக்கும்.

வாசிப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் இன்றியமையாதது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வாழும் உழைக்கும் மக்களின் குழந்தைகளுக்கு அது எத்துணை இன்றியமையாதது என்பதை உணர்வதற்கு அவர்களின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரவில் 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதை நம் பாடநூல்கள் தவறாது குறிப்பிடுகின்றன. அத்தேயிலையைப் பயிரிட்ட கைகள் யாருடையவை என்பதையும் இப்போது ஓரளவு குறிப்பிடுகின்றன. அக்கைகளைக் கட்டிவைத்தது எது என்பதைக் குறிப்பிடுவதில்லை. அது இரும்புச் சங்கிலியன்று, ஒரு கடதாசி.

‘துண்டு’ என்று அதனைத் தோட்டத்து மக்கள் அழைத்தனர். இத்தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் இவனை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கும் சீட்டு அது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய தொழிலாளி தன் விலையைத் தன் கையிலேயே சுமந்து செல்லவேண்டியிருந்தது. கங்காணி எவ்வளவு முற்பணம் கொடுத்தார், அரிசிக்கு எவ்வளவு கழித்தார், கடன் எவ்வாறு பெருகிற்று என்பனவெல்லாம் பிறர் எழுதிய கணக்கு. கையிலிருந்த கடதாசியில் எழுதப்பட்டிருந்த தொகை யாதென்பதைச் சுமந்து சென்றவன் அறியான். பொன்னம்பலம் அருணாசலம் போன்றோரின் முயற்சிகளுக்குப் பின்னர் 1921 ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு ஒழிந்தது, எனினும் கடதாசியின் ஆட்சி ஒழியவில்லை. செக்ரோலில் ‘பேர்’ விழுந்ததா, ‘அரைப்பேர்’ விழுந்ததா என்பது அதன்பின்னரும் பிறர் வாசித்துச் சொல்லவேண்டிய செய்தியாகவே இருந்தது.

அரசியல் உரிமையின் வரலாறும் இத்தகையதே. 1931 க்கு முன்னர் இந்நாட்டில் வாக்குரிமை பெற வாசிக்கவும் எழுதவும் தெரிந்திருத்தல் வேண்டும். அதற்குமேற் சொத்து அல்லது வருமானத் தகுதியும் வேண்டும். டொனமூர் ஆணைக்குழுவின் விதப்புரையால் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆயின் தோட்டத்து மக்களை நோக்கியபோது அச்சர்வசனத்துக்கு எல்லை வகுக்கப்பட்டது. இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டமையைக் காட்டுதல் வேண்டும்; அன்றேல் எழுத்தறிவும் சொத்தும் உடையோராதல் வேண்டும்; அன்றேல் நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெறுதல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எஞ்சியதையும் பறித்தது. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 8 இலட்சத்து 24 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவர்களுள் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே பிரசைகளாக ஏற்கப்பட்டனர். இதற்கு மக்களின் எழுத்தறிவின்மையைக் காரணமாகக் கூறுவது வரலாற்றைத் திரிப்பதாகும். நிராகரிப்பதற்கென்றே இயற்றப்பட்ட சட்டம் படித்தவனையும் நிராகரித்தது. ஆனால், ஒரு சமூகத்தை நாடற்றோராக்குவதற்கு வேண்டிய கருவி கடதாசி ஒன்றே என்பதையும், அக்கடதாசியை வாசித்து வினவக்கூடியோர் லயத்துக்கு ஒருவர் இருந்தாலும் அதிகாரிகளுக்கு அது எத்துணை இடையூறாயிருந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

கோ. நடேசய்யர் இதனை நன்குணர்ந்தவர். பத்திரிகை நடத்தியவர்; அச்சின் வலிமையை அறிந்தவர். ஆயினும் தாம் அச்சிட்டதைத் தோட்டத்து மக்களிற் பெரும்பாலோர் வாசிக்க இயலாது என்பதையும் அறிந்திருந்தார். ஆகவே செய்தியைப் பாட்டாக்கி, அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தோட்டந்தோறும் பாடினார். அப்பாடல்கள் மக்களைத் திரட்டின. பாட்டு மனத்தை எழுப்பும்; ஆனால் துரையின் கணக்குப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தைத் திருத்துவதற்குப் பாட்டாலாகாது.

இன்று துரைமாரின் துண்டு இல்லை. நுண்கடன் நிறுவனத்தின் ஒப்பந்தம் உண்டு. லயத்து இஸ்தோப்பிலே பத்துப் பெண்களை வட்டமாக அமர்த்தி, ஒருவருக்கொருவர் பிணை என்று கையொப்பம் பெறும் அத்தாளில் வட்டி எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்று சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். 2023 முதல் அஸ்வெசும விண்ணப்பம் உண்டு. ஊழியர் சேமலாப நிதிப் படிவம் உண்டு. காணி உறுதி என்று கூறப்படும் கடதாசியில் உரிமை எந்த அளவினது, எந்த நிபந்தனைக்குட்பட்டது என்பதை வாசித்தறியவேண்டிய தேவை உண்டு. (இவற்றுட் பல சிங்களத்தில் மாத்திரம் வந்து சேர்கின்றன. தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டதை அக்காரியாலயங்களில் உள்ளோரும் வாசித்திருக்க மாட்டார்கள் போலும்.) இப்பெண்கள் முற்றாக எழுத்தறியாதோரல்லர், பலர் ஐந்தாந் தரம், எட்டாந் தரம் வரை சென்றவர்கள், கையொப்பமிடத் தெரிந்தவர்கள். கைநாட்டு மறைந்துவிட்டது என்று புள்ளிவிபரத்தார் மகிழ்கின்றனர். வாசித்து விளங்காத தாளிலே இடும் கையொப்பத்துக்கும் கைநாட்டுக்கும் உள்ள வேற்றுமை மையின் நிறத்தில் மாத்திரமே உள்ளது. ஆரம்ப வகுப்பில் ஓசையை வாசிப்பென்று கொண்டதன் விலையை இருபது ஆண்டுகள் கழித்து இவர்கள் தவணை தவணையாகச் செலுத்துகின்றனர்.

தோட்டத்துக் கல்வி பற்றிய சட்டங்களின் வரலாறு நீண்டது. ஈண்டு அதனை விரிக்கவேண்டியதில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வியளிக்கும் பொறுப்பை 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம் தோட்டத்துரைமார்மீது சுமத்திற்று; 1920 ஆம் ஆண்டின் சட்டம் அதனை வற்புறுத்திற்று. பொறுப்பைச் சுமந்தோர், குழந்தை கொழுந்து கிள்ளும் வயதை அடையும்வரை அதனை ஓரிடத்தில் இருத்திவைப்பதற்கு வேண்டிய அளவே அதனை நிறைவேற்றினர். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 இல் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வாயிலுக்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளின் பிற்பகுதியிலேதான். நாட்டின் ஏனைய பிள்ளைகளிலும் ஒரு தலைமுறை பிந்தித் தொடங்கிய பயணம் இது. எழுத்தும் ஏடும் புழங்கும் வீடுகளிலிருந்து வரும் குழந்தைக்குப் பாடசாலை விட்ட குறையை வீடு நிரப்பும். நகரத்து ஆசிரியரின் பிள்ளைக்கு யார் வாசிப்புக் கற்பித்தார் என்று ஆராய்ந்தால் பாதிப் புகழ் வீட்டிலிருந்த பாட்டிக்கும் பழைய வாரப் பத்திரிகைகளுக்கும் உரியதாயிருக்கும். லயத்துக் காம்பராவிற் பிறந்த குழந்தைக்கு வாசிப்பைக் கற்பிக்கப் பாடசாலையைத் தவிர வேறு இடமில்லை. அங்கே தவறினால் எங்கும் தவறியதே.

இனி, தவறு எங்கே நிகழ்கின்றது என்பதைக் காண்போம். தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துக்கள் உள. இவற்றை அகரம் தொடங்கி வரிசையாக எழுதி முடிப்பதே முதலாண்டின் பணி என்று கருதுவோர் இன்னும் உளர். ‘ங’ வரிசையில் ‘ஙெள’ வரை எழுதிய குழந்தையை நாம் கண்டிருக்கின்றோம்; அவ்வெழுத்து வரும் சொல்லொன்றை அக்குழந்தை தன் வாழ்நாளிற் சந்திக்கப்போவதில்லை. வரிசை தெரியும், வாசிக்கத் தெரியாது. மேலும் தமிழில் ஓரெழுத்து இடத்துக்கேற்ப ஒலி மாறும். ‘கல்’ என்பதில் உள்ள ககரம் வேறு, ‘பகல்’ என்பதில் உள்ளது வேறு, ‘தங்கம்’ என்பதில் உள்ளது வேறு. நாம் பேசிப் பழகியதால் இதனை உணர்வதில்லை. தனித்தனி எழுத்தாக ஓசையெழுப்பிக் கூட்டும் குழந்தைக்குச் சொல்லின் பொருள் முன்னரே மனத்தில் தோன்றினாலன்றிச் சரியான ஒலி வராது. பொருளே ஓசைக்கு வழிகாட்டுகின்றது என்பதற்கு நம் மொழியின் எழுத்துமுறையே சான்று.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. தமிழ் வாக்கியத்திலே வினைமுற்று இறுதியில் வருவது இயல்பு. யார், எப்போது, எங்கே, எதனை என்ற செய்திகளையெல்லாம் மனத்தில் ஏந்திக்கொண்டு சென்றாற்றான் இறுதியில் வரும் வினையோடு அவற்றைப் பொருத்திப் பொருள் காண முடியும். ‘வந்துகொண்டிருந்தபோதிலும்’ என்ற ஒரு சொல்லில் மாத்திரம் பதின்மூன்று எழுத்துக்கள் உள. எழுத்தெழுத்தாகத் தட்டித்தடவிச் செல்லும் குழந்தை இச்சொல்லின் இறுதியை அடையும்போது வாக்கியத்தின் தொடக்கத்தை மறந்துவிடுகின்றது. வினைமுற்றை அடையும்போது எழுவாய் கைநழுவிவிடுகின்றது. எனவே எழுத்தைக் கண்டவுடன் சொல் விளங்கும் அளவுக்குப் பயிற்சி வேண்டும். குழந்தை பொருளை உணர்ந்தாற் போதும், எழுத்துப் பயிற்சி எதற்கு என்று கூறும் அன்புள்ளம் படைத்த சீர்திருத்தவாதிகள் இதனைக் கவனிக்கவேண்டும். கஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர் 1986 இல் இதனைச் சுருக்கமாக விளக்கினர். வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் ஆற்றலையும் கேட்டுப் பொருள் கொள்ளும் ஆற்றலையும் பெருக்கி வரும் தொகை. இரண்டில் ஒன்று பூச்சியமாயின் முழுவதும் பூச்சியம் என்பது அவர்கள் கருத்து. இது கூட்டற் கணக்கன்று, பெருக்கற் கணக்கு. நம் பாடசாலைகள் முதலாவதை அரைகுறையாகக் கற்பித்து, இரண்டாவதைக் குழந்தையின் தலைவிதிக்கு விட்டுவிடுகின்றன.

அந்த இரண்டாவதிலேதான் மலையகக் குழந்தை வறியது என்று பொதுவாகக் கூறுகின்றனர். இக்கூற்றை நாம் முற்றாக மறுக்கின்றோம். காமன் கூத்தை இரவு முழுவதும் கண்விழித்துக் காணும் குழந்தை அது. பொன்னர் சங்கர் கதையையும் அருச்சுனன் தபசையும் பாத்திரம் பாத்திரமாக அறிந்த குழந்தை. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பழகிய செவி அதற்கு உண்டு. முற்காலத்தில், எழுத்தறிந்த ஒருவர் பெரிய எழுத்து நல்லதங்காள் கதையை விளக்கொளியில் உரக்க வாசிக்க, எழுத்தறியாதோர் சூழ்ந்திருந்து கேட்டுக் கண்ணீர் வடித்து, இடையிடையே வினாவி, அடுத்த நாள் மலையில் அதனை ஒருவருக்கொருவர் விமர்சித்தனர். செய்யுளும் வசனமும் கலந்த அந்நடையை விளங்கிக்கொண்டோரின் வழித்தோன்றல்களை ‘மொழிவளம் அற்றோர்’ என்று கூறுவதற்குச் சிறிது துணிவு வேண்டும். வளம் இருக்கின்றது. பாடசாலை வாயிலில் அது பறிமுதல் செய்யப்படுகின்றது.

குழந்தை ‘போயிட்டாங்க’ என்று கூறுகின்றது. நூலில் ‘சென்றுவிட்டனர்’ என்று உள்ளது. குழந்தைக்குத் தெரிந்தவை லயம், காம்பரா, இஸ்தோப்பு, பிரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா. நூலில் உள்ளவை இல்லம், அறை, முற்றம், பூங்கா. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளி தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவானதே. ஆனால் எழுத்துத் தமிழை வீட்டில் என்றும் செவியுற்றிராத குழந்தைக்கு அது அரைவாசி அந்நிய மொழி. அத்துடன் பாடநூல்கள் நெடுங்காலமாக வடபுலத்து வாழ்வையே தமிழர் வாழ்வாகக் காட்டிவந்தன. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடல் குழந்தை இலக்கியத்தில் ஓர் அரிய படைப்பு. அதனை நீக்கவேண்டும் என்று கூறுவோமல்லோம். யாழ்ப்பாணத்துக் குழந்தை அப்பாடலை வாசிக்கும்போது நாவூறுகின்றது. கலஹாவிலே ஆடிப்பிறப்பு அவ்வாறு கொண்டாடப்படுவதில்லை. பனையைப் படத்திற் கண்ட குழந்தைக்கு அப்பாடல் ஓசையாகவே எஞ்சுகின்றது. தேயிலையைப் பற்றிப் பாடம் இல்லையா என்பர். தேயிலையைப் பற்றிய பாடம் பெரும்பாலும் ஏற்றுமதிப் பொருளைப் பற்றிய பாடம். கூடையின் கயிறு நெற்றியில் பதிந்த தழும்பை அக்குழந்தை அறியும். அது பாடத்தில் இல்லை.

நியூசிலாந்திலே மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்னும் ஆசிரியை இத்தகைய இடர்ப்பாட்டை எதிர்கொண்டார். ஆங்கிலக் குடும்பத்தின் அமைதியான வாழ்வைக் கூறும் வாசிப்பு நூல்கள் அக்குழந்தைகளுக்கு ஒரு பொருளையும் உணர்த்தவில்லை. அவர் அந்நூல்களை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு குழந்தையையும் அருகில் அழைத்து, “உனக்கு என்ன சொல் வேண்டும்?” என்று கேட்டார். குழந்தை கூறிய சொல்லைத் தடித்த அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்தார். ‘பேய்’, ‘முத்தம்’ என்பவை போன்ற, உள்ளத்தில் அச்சமும் அன்பும் கலந்து கிடந்த சொற்களை அக்குழந்தைகள் ஒருமுறை கண்டே நினைவிற் கொண்டன. நூலிலிருந்த சொற்களைப் பல வாரங்கள் பயின்றும் மறந்தன. 1963 இல் வெளிவந்த ‘ரீச்சர்’ என்ற தம் நூலில் இவ்வனுபவத்தை அவர் விரித்துரைத்துள்ளார்.

அதே 1963 ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் அங்கிக்கோஸ் என்ற சிற்றூரில் பவுலோ ஃபிரேய்ரே முந்நூறு தொழிலாளருக்கு ஏறக்குறைய நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவூட்ட முனைந்தார். அந்நாட்டில் அக்காலத்தில் எழுத்தறிவில்லாதோருக்கு வாக்குரிமை கிடையாது. அடுத்த ஆண்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவரைச் சிறையிலிட்டமைக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. அவருடைய முறையில் நமக்கு வேண்டியது ஒன்று உண்டு. தொழிலாளரின் வாழ்விலிருந்து செங்கல் என்பது போன்ற ஒரு சொல்லைத் தெரிந்து, அதனைப் பற்றி உரையாடி, பின்னர் அச்சொல்லை அசை அசையாகப் பிரித்து, ஒவ்வோர் அசையின் உயிர் வேறுபாடுகளையும் வரிசையாகக் காட்டி, அவற்றைக் கொண்டு புதிய சொற்களைத் தொழிலாளரே ஆக்கும்படி செய்தார். இது நம் உயிர்மெய் வரிசையேயன்றி வேறென்ன? ‘கூடை’, ‘அட்டை’, ‘மலை’, ‘மழை’ என்ற நான்கு சொற்களை எடுத்துக்கொள்வோம். மலையகக் குழந்தை இந்நான்கையும் உடம்பால் அறியும். அட்டை கடித்த கால் அதனுடையது. ‘கூ’ என்பதிலிருந்து ககர வரிசைக்கும், ‘டை’ என்பதிலிருந்து டகர வரிசைக்கும் செல்லலாம். மலைக்கும் மழைக்கும் உள்ள வேறுபாட்டை எழுத்திலும் ஒலியிலும் பொருளிலும் ஒருங்கே உணர்த்தலாம். வரிசையும் உண்டு, பொருளும் உண்டு. பணச்செலவு சுண்ணக்கட்டி ஒன்றே.

இது கடினமன்றெனில் ஏன் நடைபெறவில்லை என்று வாசகர் கேட்கலாம். பெற்றோரின் அக்கறையின்மை என்பர் சிலர். காலை ஏழு மணிக்கு முன் பிரட்டுக்களத்தில் நின்று, மாலையிற் கொழுந்து நிறுத்துத் திரும்பும் தாய் பிள்ளையின் பாடத்தைக் கவனிக்கவில்லை என்று குறைகூறுவோர் அவ்வேலையை ஒரு வாரம் செய்து பார்த்தல் நன்று. கைத்தொலைபேசி என்பர் வேறு சிலர். கைத்தொலைபேசி வருமுன்னரும் இவ்வகுப்புக்கள் இவ்வாறே இருந்தன. 2020 இலும் 2021 இலும் பாடசாலைகள் மூடப்பட்டபோது அதே தொலைபேசிக்கு அலை தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளையும் கண்டோம். முதலிரு தரங்களைத் தவறவிட்ட அப்பிள்ளைகள் மேல்வகுப்புக்களுக்கு ஏற்றப்பட்டார்களேயன்றி, விட்ட இடத்திலிருந்து வாசிப்பைக் கற்பிக்க எவரும் ஓராண்டை ஒதுக்கவில்லை.

உண்மையான காரணங்களுள் ஒன்று, ஆரம்ப வகுப்பு ஆசிரியர் பணியை நம் சமுதாயம் மதிக்கும் முறை. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென ஆசிரிய உதவியாளர்களாக ஏறக்குறைய மூவாயிரம் இளைஞரும் யுவதியரும் நியமிக்கப்பட்டனர். அவர்களுக்கு வழங்கப்பட்ட மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. போராட்டங்களுக்குப் பின்னரே அது 10,000 ஆயிற்று. பஸ் கட்டணத்துக்கும் மதிய உணவுக்கும் போதாத அத்தொகைக்கு, ஒரு சமூகத்தின் குழந்தைகளுக்கு வாசிப்பைக் கற்பிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. பட்டதாரிகளாகிய நாம் பத்தாந் தரத்துக்கும் உயர்தரத்துக்கும் கற்பிப்பதையே கௌரவமென்று கருதுகின்றோம். முதலாந் தரத்துக்கு அனுப்பப்பட்டால் தண்டனையென்று அதிபரிடம் முறையிடுகின்றோம். யாப்பிலக்கணம் கற்பிப்பவருக்கு உள்ள மதிப்பு ‘ட’, ‘ப’, ‘ம’ கற்பிப்பவருக்கு இல்லை.

இலக்கிய உலகத்துக்கும் இதிற் பங்குண்டு. மலையக மக்களின் வருகையின் இருநூறாவது ஆண்டு 2023 இல் நினைவுகூரப்பட்டது. கண்டியிலும் பிற ஊர்களிலும் கூட்டங்கள் நடந்தன, மலர்கள் வெளிவந்தன, மலையக இலக்கியத்தின் சாதனைகள் போற்றப்பட்டன. போற்றத்தக்க சாதனைகளே அவை. ஆனால் மலையக நூலொன்று எத்தனை பிரதிகள் அச்சிடப்படுகின்றது, அவற்றுள் லயங்களுக்குச் செல்வன எத்தனை என்று எவரும் கேட்டிலர். எழுதப்பட்டோர் வாசிக்கவில்லையெனில், அவ்விலக்கியம் அவர்களைப் பற்றிப் பிறருக்கு அனுப்பும் கடிதமாகவே நின்றுவிடும்.

1960 களின் முற்பகுதியில் ஈழத்து இலக்கியத்தில் ஒரு பெரும் விவாதம் நிகழ்ந்தது. உழைக்கும் மக்களின் பேச்சை அவ்வாறே கதைகளில் எழுதிய முற்போக்கு எழுத்தாளரை நோக்கி, இழிசனர் வழக்கை இலக்கியத்திற் புகுத்துகின்றனர் என்று மரபுவாதிகள் குற்றஞ்சாட்டினர். அதற்கு முன்னரே, பின்னாளிற் பேராதனையில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் நாடகங்கள் எழுதி அச்சிட்டிருந்தார். இறுதியில் முற்போக்காளரே வென்றனர். இன்று எந்த நாவலாசிரியனும் தன் பாத்திரங்களைச் செந்தமிழ் பேசவைப்பதில்லை. இவ்வெற்றி பல்கலைக்கழகத்தையும் சஞ்சிகைகளையும் அடைந்தது. முதலாந் தரத்து வாசிப்பு நூலை அடையவில்லை. பேச்சுத் தமிழிற் குழந்தைநூல் எழுதினால் மொழி கெட்டுவிடும் என்ற அச்சம் அங்கே இன்றும் நிலவுகின்றது. குழந்தை தன் சொந்தச் சொல்லை அச்சிற் கண்டு, அச்சு என்பது தன்னைப் பற்றியும் பேசக்கூடியது என்று அறிந்தபின், எழுத்துத் தமிழுக்கு அதனை அழைத்துச் செல்வது எளிது. இரண்டாந் தரம் முடிவதற்குள் அப்பாலத்தைக் கடக்கலாம். முதலிலேயே பாலமின்றி மறுகரையில் நிற்கச் சொல்வதாற்றான் பலர் ஆற்றில் அகப்படுகின்றனர்.

கண்டிக்கு அருகே தலாத்துஓயாவில் வாழ்ந்த கே. கணேஷ் ஹோ சி மின்னையும் லூ சுன்னையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். உலகத்தின் சிறந்த முற்போக்கு எழுத்து மலையகத் தமிழருக்குக் கிட்டவேண்டும் என்ற பேரவா அவருடையது. அவ்வழியில் வந்த எழுத்தாளர் பலர் இன்றும் இம்மாவட்டத்தில் உளர். அவர்கள் ஒவ்வொருவரும் இரண்டாந் தரத்துக் குழந்தைக்கு நூறு சொற்களுக்குள் ஒரு கதை எழுதித் தரலாம். அது எளிய காரியமன்று. நீதி புகட்டாத கதையாயிருத்தல் வேண்டும். குழந்தை அடுத்த பக்கத்தைப் புரட்ட விரும்பும் கதையாயிருத்தல் வேண்டும். ஒரே சொல் அலுப்புத் தட்டாமற் பன்முறை வருதல் வேண்டும். வினைமுற்று வருமுன் குழந்தைக்கு மூச்சு முட்டாத வாக்கியங்களாயிருத்தல் வேண்டும். நாவல் எழுதியோர் சிலரிடம் இதனைக் கேட்டபோது, அது ஆரம்ப வகுப்பு ஆசிரியரின் வேலையென்றனர். ஓராசிரியை மாத்திரம் தம் வகுப்புப் பிள்ளைகள் கூறிய வாக்கியங்களையே எழுதி, பிள்ளைகளைக் கொண்டே படம் வரைவித்து, எட்டுப் பக்கங்களிற் போட்டோப் பிரதி எடுத்து நூலாகத் தைத்து வைத்திருந்தார். மழை பெய்த நாளொன்றில் பிள்ளைக்காம்பராவின் கூரைத் தகரம் பறந்துபோன கதை அது. ‘தகரம்’ என்ற சொல் அதிற் பதினொரு முறை வருகின்றது. அவ்வகுப்பில் அச்சொல்லை வாசிக்கத் தெரியாத பிள்ளை இல்லை. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, அந்நூல் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லையென்று குறிப்பெழுதிச் சென்றார்.